கணினி மொழிகளின் இலச்சினைகள்: திருத்தி வரைவது யார் உரிமை?

மடிக்கணினியின் மூடியைப் பார்த்தே ஆளை எடைபோடும் பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. டொராண்டோ சுரங்க ரயிலில் காலை எட்டரை மணிக்கு ஏறினால், எதிர் இருக்கைக்காரர் எந்தக் கணினி மொழியில் நிரல் எழுதிப் பிழைக்கிறார் என்று கேட்காமலே சொல்லிவிடலாம். மூடியில் நீல யானை ஒட்டியிருந்தால் பிஎச்பி. நீலமும் மஞ்சளுமாக இரண்டு பாம்புகள் பின்னிக் கிடந்தால் பைதான். பிதுங்கிய கண்களும் துருத்திய பற்களுமாக ஒரு நீலப் பிராணி நின்றால் கோ. ஆரஞ்சு நிற நண்டு என்றால் ரஸ்ட். ஒரே நண்டை ஒட்டிய இருவர் முன்பின் தெரியாமலே பேச ஆரம்பிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இந்தப் படங்களை வரைந்தவர்கள் யார், அவை எப்போது மாறின, மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று சில மாதங்களுக்கு முன் தேடிப் படிக்க நேர்ந்தது. ஸ்கார்பரோவில் நண்பர்கள் சிலர் சேர்ந்து சிறுவர்களுக்கு நடத்தும் சனிக்கிழமை நிரல் வகுப்புக்கு ஓர் இலச்சினை வரையப் போய், அது சிறு சண்டையில் முடிந்ததுதான் காரணம். அந்தக் கதை கடைசியில் வருகிறது. அதற்கு முன், உலகம் அறிந்த மொழிகள் இதே சிக்கலை எப்படித் தீர்த்துக்கொண்டன என்று பார்த்துவிடலாம்.

இலச்சினையும் செல்லச் சின்னமும்

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இலச்சினை என்பது ஒரு மொழியின் முத்திரை. ஆவணத்தின் தலைப்பில், நூலின் அட்டையில், இணைய உலாவியின் தாவலில் இடம்பெறுவது அது. மாஸ்காட் எனப்படும் செல்லச் சின்னம் வேறு. அது பொம்மையாகும், டீ-ஷர்ட்டில் ஏறும், கையில் காப்பிக் கோப்பையோடோ தலையில் தொப்பியோடோ விதம் விதமாக வரையப்படும். லினக்ஸின் பென்குயினான டக்ஸ், செல்லச் சின்னத்துக்குப் பெயர்பெற்ற உதாரணம். அதை 1996-இல் வரைந்தவர் லாரி யூவிங். லினக்ஸுக்கு இலச்சினை தேர்ந்தெடுக்க மூன்று போட்டிகள் நடந்தன. மூன்றிலும் டக்ஸ் வெல்லவில்லை. ஆனால் வென்ற படங்கள் இன்று யார் நினைவிலும் இல்லை, பென்குயின் நிலைத்துவிட்டது. நடுவர்கள் எதைத் தேர்ந்தார்கள் என்பதைவிட, பயன்படுத்துகிறவர்கள் எதை எடுத்து ஒட்டிக்கொண்டார்கள் என்பதே இந்த உலகில் செல்லுபடியாகிறது.

முத்திரை அரசியல் நமக்குப் புதிதன்று. சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன், சேரனுக்கு வில் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் புலியோடு இரட்டை மீனும் வில்லும் சேர்ந்தே இருக்கின்றன. வென்ற நாடுகளின் சின்னங்களையும் தன் முத்திரைக்குள் இழுத்துக்கொண்டதை, அக்காலத்து இலச்சினைத் திருத்தம் என்றே சொல்லலாம். அரசன் ஆணையிட்டால் முத்திரை மாறும். அரசனே இல்லாத திறமூல மென்பொருளில் யார் ஆணையிடுவது?

டொராண்டோவைத் தொட்ட மூன்று மொழிகள்

வேறெங்கும் போகாமல், நான் வசிக்கும் ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

பிரையன் கெர்னிகன் 1942-இல் டொராண்டோவில் பிறந்தவர். 1964-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பொறியியல் இயற்பியலில் பட்டம் பெற்றார். சி மொழியை உருவாக்கியவர் டென்னிஸ் ரிட்சி என்றாலும், உலகமே அந்த மொழியைக் கற்றுக்கொண்டது இருவரும் சேர்ந்து எழுதி 1978-இல் வெளியான நூலிலிருந்துதான். சி மொழிக்கு அதிகாரபூர்வமான இலச்சினை என்று எதுவும் இல்லை. அந்த நூலின் வெள்ளை அட்டையில் இருந்த பெரிய நீல நிற எழுத்தே பலருக்கு அந்த மொழியின் முகமாக நின்றுவிட்டது. எல்லா இயங்குதளங்களுக்கும் அடியில் கிடக்கும் ஒரு மொழிக்குத் தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ளும் அவசியம் நேரவில்லை போலும்.

அடுத்தவர் ராஸ்மஸ் லெர்டோர்ஃப். கிரீன்லாந்தில் பிறந்து, இளம் வயதில் கனடாவுக்கு வந்து, டொராண்டோவிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1993-இல் பொறியியல் பட்டம் பெற்றவர். தன் சொந்த இணையப் பக்கத்துக்காக எழுதிய சிறு கருவிகளை 1995 ஜூனில் அவர் பொதுவில் வெளியிட்டார். அதுவே பிஎச்பி. 1990-களின் நடுவில் டொராண்டோ பல்கலைக்கழகத்துக்காகப் பணியாற்றியபோதும் அதைப் பயன்படுத்தி வளர்த்தார். பிஎச்பியின் நீள்வட்ட இலச்சினையை வரைந்தவர் காலின் வீப்ராக். ஆனால் கூட்டங்களில் மேசை மேசையாக உட்கார்ந்திருப்பது அந்த நீள்வட்டம் அல்ல, யானைப் பொம்மை. 1998-இல் வின்சென்ட் பாண்டியே என்ற பிரெஞ்சு வரைகலைஞர், பிஎச்பி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால் யானையின் உருவம் தெரிகிறது என்று கண்டுகொண்டார். எந்தக் குழுவும் அவரிடம் யானை வேண்டும் என்று கேட்கவில்லை. எழுத்துக்குள் ஒளிந்திருந்ததை ஒருவர் கண்டார், மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

மூன்றாமவர் ராப் பைக். கனடாவில் 1956-இல் பிறந்தவர், டொராண்டோ பல்கலைக்கழகத்தின் மாணவர். பின்னர் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் குழுவில் இருந்தார். கூகுளில் 2007-இல் ராபர்ட் கிரீசெமர், கென் தாம்ஸன் ஆகியோருடன் சேர்ந்து கோ மொழியை வடிவமைக்கத் தொடங்கினார். 2009 நவம்பரில் அது திறமூலமாக வெளியானது. தமிழில் 'கோ' என்றால் அரசன். ஆனால் இந்தக் கோவின் முத்திரையில் இருந்தது புலியும் அல்ல, மீனும் அல்ல. வளை தோண்டி வாழும் கோஃபர் என்ற வட அமெரிக்கக் கொறிப்பிராணி.

2018: கோ மொழியின் புதிய முத்திரை

அந்தக் கோஃபரை வரைந்தவர் ரெனே ஃபிரெஞ்ச். படக்கதை ஓவியர், ராப் பைக்கின் மனைவி. பெல் ஆய்வுக்கூடத்தின் பிளான் 9 என்ற இயங்குதளத்துக்கு கிளெண்டா என்ற முயலை வரைந்தவரும் அவரே. கோ மொழி பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பு, நியூ ஜெர்சியின் ஒரு வானொலி நிலையத்தின் நன்கொடைத் திரட்டலுக்கான டீ-ஷர்ட்டுக்காக அவர் ஒரு கோஃபரை வரைந்திருந்தார். கோ திறமூலமாக வெளியானபோது ஒரு செல்லச் சின்னம் தேவைப்பட்டது, அந்தப் பழைய பிராணி புது உருவில் மீண்டும் வந்தது. வரைந்தவர் பெயரைச் சொன்னால் போதும், யாரும் எடுத்தாளலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அதை வெளியிட்டார்கள். உலகெங்கும் நிரலர்கள் தங்கள் ஊர் உடையை அதற்கு உடுத்தி வரையத் தொடங்கினார்கள்.

ஒன்பது ஆண்டுகளில் ஒரு குழப்பம் வளர்ந்தது. மொழியின் இலச்சினை எது? கோஃபரா, அல்லது சாய்வாக எழுதப்பட்ட அந்த இரண்டு எழுத்துகளா? நூல் அட்டையில் ஒன்று, மாநாட்டுப் பதாகையில் இன்னொன்று என்று ஆளுக்கொரு விதமாகப் பயன்படுத்தினார்கள். பெரிய நிறுவனங்கள் மொழியை ஏற்கத் தொடங்கியிருந்த நேரம் அது. 2018 ஏப்ரலில் கோ குழு புதிய இலச்சினையை அறிவித்தது.

புதியதில் இரண்டே எழுத்துகள், அவற்றின் இடப்பக்கம் வேகத்தைக் காட்டும் மூன்று கோடுகள். பார்த்தவுடன், இதற்கு இத்தனை பேர் வேண்டுமா என்று தோன்றும். கவனித்தால் அதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. இரண்டு எழுத்துகளின் வட்டங்களும் கோஃபரின் இரண்டு பெரிய கண்களை நினைவூட்டுமாறு அமைந்திருக்கின்றன. பிராணியை முத்திரையிலிருந்து விலக்கினார்கள், ஆனால் அதன் பார்வையை விட்டுவைத்தார்கள். கோஃபர் செல்லச் சின்னமாகத் தொடரும் என்பதையும் அறிவிப்பிலேயே சொல்லிவிட்டார்கள். அதாவது, மக்கள் கையில் இருந்ததை யாரும் பிடுங்கவில்லை. புதிய முத்திரையில் குறை கண்டவர்கள் இருக்கலாம், ஆனால் அதை எதிர்த்துப் போர் எதுவும் மூளாததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஏன் மாற்ற நேர்கிறது?

அழகு போதவில்லை என்பதற்காக மட்டும் இலச்சினைகள் மாறுவதில்லை. தொழில்நுட்பக் காரணம் பெரும்பாலும் முன்னால் நிற்கும். 1990-களில் வரைந்த படங்கள் புள்ளிகளால் ஆனவை. பெரிதாக்கினால் படிக்கட்டு போல உடையும். கோடுகளையும் வளைவுகளையும் கணக்காகச் சேமிக்கும் வெக்டர் வடிவங்கள் வந்தபின், எந்த அளவுக்கும் உடையாமல் விரியும் படம் வேண்டும் என்றானது. எதிர்முனையில், உலாவித் தாவலின் குறும்படத்துக்கு 16-க்கு 16 புள்ளிகள்தாம் இடம். நிழல், சாயல், நுண்கோடு எல்லாம் அங்கே அழுக்குப் போலத்தான் தெரியும். ஒரே வண்ணத்தில் அச்சிட்டாலும் துணியில் தைத்தாலும் அடையாளம் மாறக்கூடாது என்பது இன்னொரு தேவை.

புள்ளியியலாளர்களின் ஆர் மொழி இதற்கு நல்ல உதாரணம். சாம்பல் வளையத்தின் மேல் நீல எழுத்து என்ற அதன் பழைய இலச்சினை, உலோகத்தில் வார்த்தது போன்ற நிழல்களோடு இருந்தது. 2016-இல் அதைத் திருத்தினார்கள். வளையமும் எழுத்தும் நிறமும் அப்படியே இருக்க, நிழல்கள் எளிமையாயின, வெக்டர் கோப்பு கிடைத்தது. பழகிய கண்ணுக்கு மாற்றமே தெரியாது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது போன்ற வேலை இது.

பைதான் இதற்கு நேர்மாறு. 2006-இல் அந்த மொழியின் இணையதளம் புதுப்பிக்கப்பட்டபோது, டிம் பார்க்கின் வரைந்த இரட்டைப் பாம்பு இலச்சினை வந்தது. மாயா நாகரிகத்துப் பாம்பு உருவங்கள் இதற்கு முன்மாதிரி என்று அவர் சொல்லியிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், கைடோ வான் ராஸம் மொழிக்கு இந்தப் பெயரை வைத்தது மலைப்பாம்பை நினைத்து அல்ல, மான்டி பைதான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவை நினைத்து. பெயர் வைத்தவரின் எண்ணத்தைப் பெயரைக் கேட்டவர்களின் கற்பனை வென்றுவிட்டது. இன்று எவரும் அதைத் தவறு என்று சொல்வதில்லை.

ஹாஸ்கெல் மொழிக்காரர்கள் மூன்றாவது வழியில் போனார்கள். கணிதத்தில் ஊறிய கூட்டம் அது. 2009-இல் போட்டி வைத்து, குவிந்த படங்களின்மேல் காண்டர்செட் முறையில் வாக்கெடுத்தார்கள். வாக்காளர் படங்களைத் தரவரிசைப்படுத்துவார். பிறகு ஒவ்வொரு படத்தையும் மற்ற ஒவ்வொன்றோடும் தனித்தனியாக மோதவிட்டு, எல்லா மோதல்களிலும் வெல்லும் படத்தைத் தேர்வார்கள். வென்ற இலச்சினையில் லாம்டா என்ற கிரேக்க எழுத்தும், அந்த மொழியில் ஒரு செயலின் விளைவை அடுத்த செயலுக்குக் கடத்தும் குறியும் ஒன்றாக இழைந்திருக்கின்றன. வெளியாளுக்கு அது வெறும் கோணல் கோடுகள். உள்ளே இருப்பவருக்கு அந்த மொழியின் சாரமே அதுதான்.

நிரல் பொது, படம்?

இனிதான் சிக்கலான பகுதி. திறமூல மென்பொருளின் மூலநிரலை யாரும் எடுத்துத் திருத்தலாம், வேறு பெயரில் வெளியிடலாம். உரிமம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் இலச்சினை பதிப்புரிமையோடு நிற்பதில்லை. டிரேட்மார்க் எனும் வணிகக்குறிச் சட்டத்துக்கும் அது உட்பட்டது. இரண்டின் நோக்கமும் வேறு வேறு. பதிப்புரிமையைத் தளர்த்தினால் படைப்பு பரவும். வணிகக்குறியைக் கைவிட்டால், போலி எது அசல் எது என்று பயனருக்குத் தெரியாமல் போகும்.

பெர்ல் மொழியின் ஒட்டகம் இதற்குப் பழைய பாடம். 1991-இல் ஓரைலி பதிப்பகம் வெளியிட்ட பெர்ல் நூலின் அட்டையில் ஒட்டகம் இருந்தது. மொழியைக் கற்றவர்கள் ஒட்டகத்தையே மொழியின் சின்னமாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பெர்ல் தொடர்பாக ஒட்டகப் படத்தின் வணிகக்குறி உரிமை பதிப்பகத்திடம் இருந்தது. வணிகமல்லாத பயன்பாட்டுக்குப் பதிப்பகம் இடம் கொடுத்தது உண்மை. இருந்தாலும் பெர்ல் அறக்கட்டளை தனக்கென்று ஒரு வெங்காயத்தைச் சின்னமாக்கிக்கொண்டது. பெர்ல் 6 என்று தொடங்கி 2019-இல் ராக்கு என்று பெயர் மாறிய மொழிக்கு, பெர்லை உருவாக்கிய லாரி வால் கமீலியா என்ற வண்ணத்துப்பூச்சியை வரைந்தார். நாம் ஆசையாக வளர்த்த கன்றின் கயிறு அடுத்த வீட்டில் கட்டியிருப்பது தெரிந்தால் எப்படி இருக்கும், அது போன்றது ஒட்டகத்தின் கதை.

வணிகக்குறியே தேவையில்லை என்பாருக்குப் பைதானின் அனுபவம் பதில் சொல்லும். பிரிட்டனைச் சேர்ந்த ஒரு நிறுவனம், தன் சேவைகளுக்காக ஐரோப்பாவில் பைதான் என்ற பெயரைப் பதிவு செய்ய முயன்றது. பைதான் மென்பொருள் அறக்கட்டளை 2013-இல் உலகெங்கும் உள்ள பயனர்களிடம் சான்றுகள் கேட்டுத் திரட்டியது. அந்த ஆண்டே விவகாரம் இணக்கமாக முடிந்தது. அறக்கட்டளை என்று ஒன்று காவலுக்கு இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது யோசிக்க வேண்டியது.

காவல் அதிகமானாலும் தொல்லைதான். கனடியரான கிரேடன் ஹோர் தொடங்கிய ரஸ்ட் மொழியின் இலச்சினை, சைக்கிளின் பல்சக்கரத்துக்குள் ஓர் எழுத்து. 2023 ஏப்ரலில் ரஸ்ட் அறக்கட்டளை, பெயரையும் இலச்சினையையும் யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரைவை முன்வைத்தது. விதிகள் மிகக் கறாராக இருக்கின்றன என்று பயனர்கள் கொதித்தார்கள். சிலர் மொழியையே பிரித்தெடுத்து நண்டின் பெயரில் வெளியிட்டார்கள். அறக்கட்டளை வருத்தம் தெரிவித்து, வரைவைத் திருத்துவதாகச் சொன்னது. ரஸ்டின் செல்ல நண்டான ஃபெர்ரிஸ் மட்டும் இந்தச் சண்டைக்கு வெளியே நின்றது. அதை வரைந்தவர் எந்த உரிமையையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் பொதுச்சொத்தாக விட்டிருந்தார். கோபம் கொண்டவர்கள் தூக்கிப் பிடித்ததும் அந்த நண்டைத்தான்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. மூலநிரலைத் திருத்த ஒரே ஒருவரின் அறிவும் உழைப்பும் போதும். இலச்சினையைத் திருத்த அது போதாது. வரைபவருக்குப் பதிப்புரிமை இருக்கலாம், அறக்கட்டளைக்கு வணிகக்குறி இருக்கலாம். ஆனால் அந்தப் படம் பயனரின் நினைவில் வாழ்கிறது, அந்த இடத்தை எந்த உரிமமும் எழுதிக் கொடுக்க முடியாது. அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு வரைந்தவர்கள் தப்பித்தார்கள்.

ழ என்ற பதினாறு புள்ளிகள்

இப்போது எங்கள் சண்டைக்கு வருகிறேன்.

தமிழில் நிரல் எழுதும் மொழிகள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அவற்றில் முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் குறிப்பிடத்தக்கது. 2007 இறுதியில் தொடங்கி 2009-இல் அறிவிக்கப்பட்ட திறமூல மொழி அது. பதிப்பி, ஆனால், இல்லை, நிறுத்து, தொடர் என்று தமிழ்ச் சொற்களிலேயே கட்டளையிடலாம். எங்கள் வகுப்பில் முக்கால் நேரம் பைதான், கடைசி அரைமணி எழில். அதில் ஒரு வரி 'வணக்கம்' பதிப்பித்துக் காட்டினால் பிள்ளைகளின் முகத்தில் வரும் சிரிப்புக்காகவே அந்த அரைமணி.

வகுப்புக்கு ஒரு ஸ்டிக்கர் அடிக்கலாம் என்று முடிவானது. உடனே ஒரு நண்பர் ழகரத்தை வரைந்து வந்தார். நான் எதிர்த்தேன். தமிழ்க் கணிமையில் யார் எதைத் தொடங்கினாலும் ழகரத்தை எடுத்துக்கொள்வது பழைய வழக்கம். 2000-களின் தொடக்கத்தில் லினக்ஸைத் தமிழாக்க முனைந்தவர்கள்கூட ழ கணினி என்றுதான் பெயர் வைத்தார்கள். அது தமிழுக்கே உரிய எழுத்து என்று பெருமைப்படுவோம், மலையாளத்திலும் அந்த ஒலியும் எழுத்தும் உண்டு என்பதை வசதியாக மறப்போம். போதாக்குறைக்கு, எங்கள் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. படிக்கத் தெரியாத எழுத்தை நெற்றியில் ஒட்டினால் அது கதவா, சுவரா என்று கேட்டேன்.

பொறியியல் காரணமும் ஒன்று வைத்திருந்தேன். ழகரத்துக்கு அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கி வளையும் வால் உண்டு. 16 புள்ளி உயரத்தில் வாலுக்கும் இடம் விட்டால், எழுத்தின் உடலுக்குப் பத்துப் பதினொரு வரிசைகளே மிஞ்சும். கோட்டுக்கு இரண்டு புள்ளி கொடுத்தால் கோடுகளுக்கு இடையிலான வெளி அடைபடும். ஒரு புள்ளி கொடுத்தால் எழுத்து நூல் போல வெளிறும். கணினியில் சிறிதாக்கிக் காட்டினேன். மை சிந்தியது போல இருந்தது. விவாதத்தில் வென்றுவிட்டதாக நினைத்தேன். எழுத்தை வரைந்து வந்த நண்பர் அன்று தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்.

அடுத்த சனிக்கிழமை, சுவரில் அந்தப் படம் இன்னும் ஒட்டியிருந்தது. பேரனை அழைத்துப் போக வந்திருந்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வாதத்தை அவரிடம் சொன்னேன். பிள்ளைகளுக்கு இந்த எழுத்து தெரியாதே அம்மா, இதை வைத்து என்ன பயன் என்று கேட்டேன்.

"தம்பி, பிள்ளையளுக்கு எழுத்துத் தெரியாதுதான். எண்டாலும் அது தங்கட எழுத்தெண்டு தெரியும். அதையும் எடுத்துப்போட்டால் பிறகு என்னத்தைக் காட்டிச் சொல்லிக் குடுப்பியள்?" என்றார்.

அவருடைய பேரனைக் கூப்பிட்டு இது என்ன என்று கேட்டேன். பெயர் சொல்லத் தெரியவில்லை. "அம்மம்மாவின்ர பேப்பரில இருக்கிறது" என்றான். அவர் வாசிக்கும் இலவசத் தமிழ் வார இதழைச் சொல்கிறான் என்று புரிந்தது.

பிஎச்பியின் எழுத்துகளில் யானையைக் கண்டவரைப் பாராட்டிவிட்டு, இந்தப் பையன் ஓர் எழுத்தில் தன் அம்மம்மாவைக் காண்பதை நான் கணக்கில் எடுக்காமல் இருந்தேன். பயனரின் நினைவில் என்ன இருக்கிறது என்று கேட்ட பிறகே வரைய வேண்டும் என்று இத்தனை மொழிகளின் வரலாற்றிலிருந்து அறிந்த நான், என் வகுப்பில் இருந்த பதினைந்து பயனர்களில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. நிறுவனங்களுக்கு நேர்ந்த பிழைகளை வாசிப்பது சுலபம், அதே பிழை நம் கையில் நடக்கும்போது அது தர்க்கம் போலத் தெரிகிறது.

ஆனாலும் 16 புள்ளிக் கணக்கு பொய்யாகிவிடவில்லை. அந்த நண்பரை அழைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, இருவரும் சேர்ந்து உட்கார்ந்தோம். ஆர் மொழிக்காரர்கள் செய்ததைச் செய்தோம். எழுத்தை விடவில்லை, அதன் உடம்பைத் திருத்தினோம். மேல்வளைவின் தடிமனைச் சீராக்கினோம். வாலைக் குறுக்கி, உடலுக்கு அடியிலேயே மடக்கினோம். சிறிய அளவுக்குத் தனியாக ஒரு வடிவம், பெரிய அளவுக்குத் தனியாக ஒரு வடிவம் என்று இரண்டு வரைந்தோம். அச்சுக்கலையில் இது பழைய முறை, சிறிய எழுத்துக்கு ஈய அச்சை வேறாகத்தான் வெட்டுவார்கள். இறுதி வடிவத்தைப் பிள்ளைகளிடம் காட்டி, வாலைச் சுருட்டும் திசையை அவர்களையே முடிவு செய்யச் சொன்னோம். ஹாஸ்கெல்காரர்களைப் போலத் தரவரிசை வாக்கெடுப்பு வைத்தோம். அதை எண்ணும் நிரலைப் பைதானில் பிள்ளைகளே எழுதினார்கள். அன்றைய பாடமும் அதுவே ஆயிற்று.

கோப்பை யாரும் எடுத்துத் திருத்தலாம் என்ற உரிமத்தோடு வைத்திருக்கிறோம். வணிகக்குறி பதியும் அளவுக்கு நாங்கள் பெரியவர்கள் அல்ல. ஊர் பெயரையே நாங்கள் டொராண்டோ என்றும் அவர்கள் ரொறன்ரோ என்றும் எழுதும் வகுப்பு அது. ஸ்டிக்கரில் ஊர் பெயரை எப்படி எழுதுவது என்ற அடுத்த சண்டையைத் தவிர்க்க, பெயரே போடாமல் எழுத்தை மட்டும் அடித்தோம்.

சென்ற மாதம் மெக்கோவன் சாலைப் பேருந்தில் போகும்போது, முன் இருக்கைச் சிறுமியின் தண்ணீர்ப் புட்டியில் அந்த ழகரத்தைப் பார்த்தேன். எங்கள் வகுப்புக்கு வருபவள் அல்ல. யாரோ கொடுத்திருக்க வேண்டும். வாலின் நுனியில் அவளோ வேறு யாரோ பேனாவால் இரண்டு கண்கள் வரைந்து அதைப் பாம்பாக்கியிருந்தார்கள்.